‘தங்கல்’ என்ற பெட்டி வந்த கதை

கண் இன்னும் தெரிகிறது, கை நடுங்கவில்லை. இந்த இரண்டுக்கும் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு எழுதத் தொடங்குகிறேன். எழுதச் சொன்னது ஷிபானா. நான் ஓய்வுபெற்ற பிறகு என்னுடைய கதிரையில் இருக்கிற பிள்ளை. போன மாதம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டுச் சோற்றுக்கு முன்னால் உட்காரும் நேரத்தில் அழைத்தாள். சின்னவர்களுக்கெல்லாம் நான் நிஸ்தார் நானா, அதாவது அண்ணன்.

“நானா, சாப்பிடுறீங்களா? பிறகு எடுக்கவா?”

“சோறு ஆறட்டும். சொல்லுங்க மகள்.”

“புது சிஸ்டம் வருது நானா. எல்லாத்தையும் தானாவே வகை பிரிக்குமாம். பழைய வரைவுல தேவையில்லாதத எல்லாம் கழட்டச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு. ‘தங்கல்’ எண்டு ஒரு பெட்டி இருக்கே, அது என்னத்துக்கு? அது ஆளும் இல்ல, இடமும் இல்ல. அதக் கழட்டினா நிறைய வேலை மிச்சமாம்.”

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். “கழட்ட வேணாம் எண்டு நான் சொன்னா கேப்பாங்களா?” என்றேன்.

“சும்மா சொன்னா கேக்கமாட்டாங்க. காரணத்த எழுதித் தாங்க, நான் கொண்டுபோய்க் காட்டுறன்.”

இதுதான் அந்தக் காரணம். கொஞ்சம் நீளமான காரணம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சாதாரண தரம் வரை படித்தவன். கணக்கு வந்தது, இங்கிலீஷ் வரவில்லை. வாப்பா கற்பிட்டிக்கு அப்பால் தீவில் வாடி போட்டு மீன்பிடித்தவர். வாடி என்றால் மீன்பிடிக் காலத்துக்கு மட்டும் தென்னோலைக் கிடுகாலும் தகரத்தாலும் போடுகிற குடிசை. நான் கடலுக்குப் போகாமல், கரைக்கு வரும் மீனை எழுதும் வேலைக்குப் போனேன். பிறகு கணினி வந்தது, அதில் தட்டினேன். இப்படியே பாதி உத்தியோகம் முடிந்தது. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. மீதிப் பாதிதான் என் பெருமை.

அப்போது புத்தளத்தில், கடல்நீர்க் களப்பைப் பார்த்த ஒரு வாடகை வீட்டில், கரையோரத் தகவலுக்கென்று ஒரு சிறிய பிரிவு தொடங்கினார்கள். ஒவ்வொரு திணைக்களத்திடமும் ஒவ்வொரு கணினி இருந்தது. ஒன்றின் கதை மற்றதற்கு விளங்காது. ஒன்று வள்ளம் என்று எழுதும், இன்னொன்று வெறும் பதிவு இலக்கத்தை எழுதும், இரண்டும் ஒரே வள்ளம்தான் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. புயல் வந்தால் யாருக்குச் செய்தி அனுப்புவது என்று கேட்டால், எல்லாம் சேர்ந்து முழிக்கும். உலகத்தில் என்னென்ன பொருள் இருக்கிறது, எது எதன் வகை, எது எதன் உறுப்பு, எது எதனோடு என்ன உறவு என்று கணினிக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு இங்கிலீஷில் ஒன்டோலொஜி என்று பெயர். நாங்கள் எங்கள் ஒபிஸில் ‘பொருள்வரைவு’ என்று சொன்னோம். ஒவ்வொரு வகைக்கும் திரையில் ஒரு பெட்டி, பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் அம்புக்குறி. நான் அந்தப் பெட்டிகளைப் போட்டவர்களில் ஒருவன்.

எங்களுக்குப் பொறுப்பாக வந்தவர் பெர்னதெத் மிஸ். சிலாபப் பக்கத்துக் கத்தோலிக்கர். இந்தப் படிப்பை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஆனால் மேசையில் அவருக்கு முன்னால் இருந்ததெல்லாம் ஒரு செபமாலையும் ஒரு கண்ணாடி துடைக்கும் துணியும்தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் ‘பிழை’ என்று சொல்லமாட்டார். நாம் எதையாவது எழுதிக் காட்டினால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இரண்டே கேள்வி கேட்பார்.

“எல்லாமா? எப்பவுமா?”

அவ்வளவுதான். அந்த இரண்டு கேள்விக்கும் ஓம் என்று சொல்ல முடிந்தால்தான் பெட்டி நிற்கும்.

அவருடைய இன்னொரு வழக்கம், ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் கதிரை. ஒரு பொருளில் சந்தேகம் வந்தால் எங்களில் ஒருவரை அதில் இருக்கச் சொல்வார். இருந்தவுடன் அவர் ஆள் அல்ல, அந்தப் பொருள். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். முதல் தடவை அதில் இருந்தது சுரங்க. கணினி வேலை முழுவதையும் பார்த்த சிங்களப் பையன், எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகக் கதைப்பான். அன்றைக்குச் சந்தேகம் கருவாட்டில். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கருவாட்டை மீனின் கீழே ஒரு வகையாகப் போட்டிருந்தோம். யார்தான் போடமாட்டார்கள்?

“கருவாடு, நீங்க எங்க வாழுறீங்க?” என்று கேட்டார் மிஸ்.

“சாக்குக்குள்ள மிஸ்.”

“நீந்துவீங்களா?”

“குழம்புல நீந்துவன்.”

மிஸ் சிரிக்கவில்லை. “மீன் உயிரினம். உயிரினம் எல்லாம் எங்கயாவது வாழும். நீங்க மீன் எண்டா நாளைக்கு யாராவது ‘இந்தக் களப்பில என்ன மீன் வாழுது’ எண்டு கேட்டா, கணினி உங்களையும் சொல்லும். சொல்லட்டுமா?”

“அனே, வேணாம் மிஸ். என்னைக் கொன்று காயவெச்சு எவ்வளவு நாள்.”

அன்றைக்குக் கருவாட்டை மீனிலிருந்து கழற்றி, ‘மீனிலிருந்து செய்யப்பட்டது’ என்று ஒரு அம்பு போட்டோம். சிறிய விசயம். ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் இந்த வேலை பிடித்தது. நாம் நினைக்காமலே தெரிந்து வைத்திருக்கிற ஒன்றை, நினைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் என் ஊட்டுக்காரியிடம், “கருவாடு மீனில்ல தெரியுமா?” என்றேன். “இதுக்கா சம்பளம் தாறாங்க?” என்றாள்.

வேலையின் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஷிபானாவின் மேலதிகாரிகள் படிப்பதால். முதலில் பெட்டி போடமாட்டோம். முதலில் கேள்விகளை எழுதுவோம். இந்த வரைவு முடிந்தபின் கணினி எந்தெந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பெரிய கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். மேலே இருந்த கேள்வி மிஸ்ஸின் கையெழுத்தில் இருந்தது: ‘காற்று எழும்பினால், இந்தத் தீவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?’ மற்றக் கேள்விகள் வந்தன, போயின. அது மட்டும் சுவரைவிட்டு இறங்கவில்லை. அதற்காகத்தான் எங்கள் பிரிவே இருந்தது.

பெட்டிகளும் அம்புகளும் போட்டபிறகு, தர்க்கம் பார்க்கிற ஒரு மென்பொருளை ஓடவிடுவோம். நாம் எழுதியதை எல்லாம் அது வாசித்து, ஒன்றோடு ஒன்று மோதுகிறதா என்று தீர்ப்புச் சொல்லும். காரணத்தையும் சொல்லும், முகம் பார்க்காது. எங்கள் மார்க்க நீதவானைப் போல இருந்ததால், நான் அதற்குக் காழியார் என்று பேர் வைத்தேன். மிஸ்கூட அப்படியே சொல்லப் பழகிவிட்டார். “காழியார் என்ன சொல்றார் சுரங்க?” என்று கேட்பார்.

ஆட்களையும் வீடுகளையும் பற்றிய பகுதியை நாங்கள் எழுதவில்லை. அது தலைமைக் காரியாலயத்திலிருந்து ஆயத்தமாக வந்தது. வெளிநாட்டில் நன்றாக ஓடிய வரைவு. அதில் ஒரு சட்டம் இருந்தது: ஒரு ஆளுக்கு வசிக்கும் இடம் ஒன்றே ஒன்று. கேட்டால் யாருக்கும் பிழையாகத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை, மிஸ்ஸுக்கும் தெரியவில்லை.

எங்கள் கரையின் வழக்கம் வேறு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடங்கியதும், சிலாபப் பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தீவுகளுக்குப் போவார்கள். சட்டி, பானை, வலை, புனிதர் சுரூபம், கோழி எல்லாம் வள்ளத்தில் ஏறும். மறுபடி கச்சான் எழும்பும் முன் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவார்கள். கற்பிட்டியிலிருந்து எங்கள் ஆட்களும் போவார்கள். வருசத்தில் ஏறக்குறையப் பாதி அங்கே, பாதி இங்கே. வாக்காளர் இடாப்பில் ஊர் விலாசம், மீன்பிடிச் சங்கத்தின் பதிவில் தீவு. இரண்டும் உண்மை.

பிலோமினா அக்காவின் பெயரைத்தான் நாங்கள் முதலில் பரீட்சைக்குப் போட்டோம். தீவில் கருவாடு காயப்போடுகிறவர், புருசனோடும் பிள்ளைகளோடும் வாடியில் இருப்பவர், ஃபோன் எடுத்தால் வாய் ஓயாது. இரண்டு பதிவும் உள்ளே போயின. காழியார் யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: பிலோமினாவின் ஊரும் அந்தத் தீவும் ஒரே இடம்.

சுரங்க தலையில் கைவைத்தான். “நானா, சட்டம் என்ன சொல்லுது? ஒரு ஆளுக்கு ஒரே இடம். ரெண்டு பெயர்ல இடம் குடுத்திருக்கோம். அப்ப காழியார் நினைக்கிறார், ஒரே இடத்துக்கு ரெண்டு பெயர் எண்டு.”

அதோடு நிற்கவில்லை. ஊருக்குத் தரைவழிப் பாதை உண்டு, தீவுக்குப் பாதை இல்லை. ஒரே இடத்துக்குப் பாதை இருந்தும் இல்லாமலும் எப்படி? முரண் என்று சிவப்பு எழுத்து வந்து முழு வரைவும் நின்றுவிட்டது. தீவு மணலில் சிலாபத்துப் பஸ் நிற்பதை நினைத்து நானும் சுரங்கவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தலைமைக் காரியாலயத்துக்கு எழுதினோம். சுருக்கமாகப் பதில் வந்தது: இடாப்பு விலாசத்தை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கவும். சுரங்க அப்படியே செய்தான். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. காழியாருக்கு எந்தக் குறையும் இல்லை. மிஸ் சுவரைப் பார்த்து, “அந்தக் கேள்வியைக் கேளுங்க” என்றார்.

சுரங்க தட்டினான். ‘இந்தத் தீவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?’

திரையில் பதில் வந்தது: ‘எவருமில்லை.’

அந்த நேரம் என்னுடைய ஃபோன் அடித்தது. பிலோமினா அக்கா, தீவிலிருந்து. பின்னால் காற்றுச் சத்தம், கோழிச் சத்தம், யாரோ பிள்ளை அழும் சத்தம். பதிவுக்கு அனுப்பிய அடையாள அட்டைப் பிரதியைத் திருப்பிக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் ஃபோனைத் தூக்கிப் பிடித்தேன். மூவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம், மூவரும் அந்தத் திரையைப் பார்த்தோம்.

“என்ன நானா, ஊமையாகிட்டீங்களோ?” என்று ஃபோனில் கேட்டது.

அன்றைக்குப் பகல் மிஸ் தலைமைக் காரியாலயத்துப் பணிப்பாளருடன் ஃபோனில் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். பணிப்பாளர் கெட்டவர் அல்ல. முழு நாட்டுக்கும் ஒரே வரைவு வேண்டும், தவணை நெருங்குகிறது, முரண் இல்லாமல் இருந்தால் போதும் என்பது அவர் கவலை. மிஸ் சொன்னார், “முரண் இல்ல சேர். ஆக்களும் இல்ல. காத்து அடிச்சா இந்த வரைவு அந்தத் தீவுக்கு ஒரு செய்தியும் அனுப்பாது.” அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. மிஸ் ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். மாற்று வழி ஒன்றை நாங்கள் எழுதிக் காட்டினால் பரிசீலிப்பார்களாம். அதுவரை பச்சை வரைவுதான் ஓடும்.

இரண்டு இடத்தையும் அனுமதித்துவிடுவோம் என்றான் சுரங்க. அப்படிச் செய்தால் ஆள் எப்போதும் இரண்டு இடத்திலும் இருப்பார். ஊரில் இருக்கிறவரைத் தேடித் தீவுக்கு வள்ளம் போகும். சட்டத்தை எடுத்துவிட்டால் முரணும் போகும், பதிலும் போகும். நாலைந்து நாள் இப்படியே சுற்றினோம்.

ஒரு நாள் ஒபிஸின் பின்னறையில் அஸர் தொழுதேன். ஸலாம் கொடுத்துவிட்டு எழும்பாமல் இருந்தபோது, வாப்பாவின் வாடி நினைவுக்கு வந்தது. தீவில் வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு வருசமும் ஒரே வாதம் நடக்கும்: இங்கே ஜும்ஆக் கூட்டுத் தொழுகை வைக்கலாமா? நான் மார்க்கம் படித்த ஆலிம் அல்ல. கேட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் மத்ஹபில், அதாவது நாங்கள் பின்பற்றும் சட்ட வழியில், ஜும்ஆவுக்கு வேண்டிய ஆள் தொகையில் அந்த மண்ணையே ஊராகக் கொண்டவர்களைத்தான் எண்ணுவார்கள். கோடையென்றும் மாரியென்றும் இல்லாமல் அங்கேயே இருப்பவர்களை. வாடி போட வந்தவர் அந்தத் தொகையில் சேரமாட்டார். ஆனால் அவர் பயணியும் அல்ல. மாதக்கணக்கில் தங்கும் நிய்யத்தோடு, அந்த எண்ணத்தை மனசில் வைத்து வந்தவர், பயணியைப் போலத் தொழுகையைச் சுருக்க முடியாது. ஊராளும் அல்ல, பயணியும் அல்ல. நடுவில் ஒரு நிலை. வாப்பாவும் கூட்டாளிமாரும் மணலில் இருந்து இதை எத்தனை தடவை பேசியிருப்பார்கள். எனக்கு அது மார்க்க விசயமாகத்தான் இவ்வளவு காலமும் தெரிந்தது.

பாயைச் சுருட்டிவிட்டு நேரே மிஸ்ஸிடம் போனேன்.

“மிஸ், எங்கட மார்க்கத்தில ஒரு ஆளுக்கு மூண்டு நிலை இருக்கு. ஊர், தங்கிறது, பயணம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, “எங்கட ஃபாதரும் அப்படித்தான் நிஸ்தார். தீவில பிள்ளை பிறந்தா, அங்கேயே ஞானஸ்நானம் குடுப்பார். ஆனா ‘எந்தக் கோயில் பங்கு’ எண்டு கேட்டு ஊர்ப் பங்குக்குத்தான் எழுதி அனுப்புவார்” என்றார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். “அந்தத் தங்கிறது எண்டது ஆளிட குணமா, இடத்திட குணமா?”

“ரெண்டும் இல்ல மிஸ்.”

“அப்ப அதுவே ஒரு பொருள்.” கை உடைந்த கதிரையைக் காட்டினார். “இருங்க. சுரங்க, நீங்களும் வாங்க.”

நான் இருந்தேன். இப்போது நான் தங்கல்.

“தங்கல், உங்களுக்கு யார் தாய் தகப்பன்?” என்றார் மிஸ்.

“ஒரு ஆளும் ஒரு இடமும்.”

“எப்ப பிறந்தீங்க?”

“கச்சான் அடங்கினதும்.”

“எப்ப முடிவீங்க?” என்று கேட்டான் சுரங்க.

“கச்சான் எழும்ப முந்தி மௌத்தாவன்.”

“அடுத்த வருசம் அதே ஆள் அதே தீவுக்கு வந்தா, நீங்க உயிர்த்து வாறீங்களா?”

“இல்ல. அது என்ட தம்பி. வேற தங்கல்.”

மிஸ் தலையாட்டினார். “பிலோமினாவுக்கு ஊர் எது?”

“சிலாபப் பக்கம். அது மாறாது. ஊர் ஒண்டுதான், அந்தச் சட்டம் சரி. நான் ஊர் இல்ல. அவ ஊரை வெச்சுக்கொண்டே என்னில இருக்கிறா.”

“ஒரே நேரத்தில ரெண்டு தங்கல் இருக்கலாமா?”

“ஏலாது மிஸ்.”

“எல்லாருக்குமா? எப்பவுமா?”

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். வாப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், இரண்டு தீவில் இரண்டு குடும்பம், ஆனால் அவர்கூட ஒரே இரவில் இரண்டிலும் படுக்கவில்லை. அதைச் சொன்னதும் மிஸ் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு சுரங்க கேட்ட கேள்விதான் எங்களை நிறுத்தியது. “நானா, பிலோமினா அக்கா ஒரு கலியாணத்துக்கு ஊருக்குப் போறா. ரெண்டு நாள். வாடி அங்க, வலை அங்க, ஆள் இங்க. நீங்க உயிரோட இருக்கீங்களா, இல்லையா?”

“திரும்பி வாற நிய்யத்து இருந்தா, நான் இருக்கன்.”

“நிய்யத்த நான் எந்தப் பெட்டியில போடுற? காழியாரால அதக் கண்டுபிடிக்க ஏலாதே.”

களப்புப் பக்கத்துக் காற்று சுவர்க் கடதாசியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“கேக்கத்தான் வேணும்” என்றார். “வேற வழி இல்ல. மனுசர்ட மனசில இருக்கிறது மனுசரக் கேட்டாத்தான் தெரியும். காத்து மாறுற காலத்தில ஒவ்வொருத்தருக்கும் ஒரு செய்தி போகட்டும். நிஸ்தார், அந்தக் கேள்விய நீங்க எழுதுங்க. கடல்கரை ஆக்களுக்கு விளங்குற மாதிரி.”

எழுதினேன். ‘இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள்? எதுவரை?’ இந்த இரண்டு வரிக்கும் ஒரு முழுப் பகல் எடுத்தேன். என்னுடைய எழுத்தில் அச்சானதும் அனுப்பப்பட்டதும் எவ்வளவோ உண்டு. இந்த இரண்டு வரியைத்தான் நான் எழுதியது என்று சொல்லிக்கொள்வேன்.

வரைவைத் திருத்தித் தலைமைக்கு அனுப்பினோம். அனுமதிக்குக் காத்திருக்கும்போதே தீவு ஆட்களுக்குக் கேள்வியை அனுப்பினோம். முதல் பதில் பிலோமினா அக்காவுடையது. தட்டாமல் நேரே ஃபோன் எடுத்தார். “இவ்வளவு காலமா எங்க இருக்கிறம் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. இப்ப என்ன நானா, பெண் பாக்க வாறீங்களோ?” என்றவர், பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். பக்கத்து வாடிகளையும் அவரே கூப்பிட்டுச் சொல்லவைத்தார்.

காற்று எங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கடல் ஈயத்தைப் போலக் கிடந்தது. வளிமண்டல அறிவித்தல் வந்துவிட்டது: மாலைக்குள் பலத்த காற்று, தீவுகளில் இருப்பவர்கள் கரைக்கு வரவேண்டும். இரண்டு வரைவும் எங்கள் கணினியில் இருந்தன. அனுமதி கிடைத்த வரைவில் தீவில் எவருமில்லை. அனுமதி கிடைக்காத வரைவில் பெயர்கள் இருந்தன. எதைக்கொண்டு செய்தி அனுப்புவது என்பதுதான் அன்றைய கேள்வி.

மிஸ் பணிப்பாளரை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார், நாங்களும் கேட்க வேண்டும் என்று.

“பரீட்சை முடியாத வரைவு. அத ஓடவிட்டு ஒரு பிழை வந்தா?” என்றார் அவர்.

“என்ட பேர்ல வரட்டும் சேர்.”

“பெர்னதெத், யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“நான் அங்க இருக்கிற ஆக்களோட கதைச்சிருக்கன் சேர். கதைச்ச ஆக்கள இல்ல எண்டு சொல்ல எனக்கு ஏலாது.”

பிறகு, “எழுத்தில அனுப்புங்க. நானும் கையெழுத்து வைக்கிறன்” என்றார். இதையும் எழுதவேண்டும். அவரும் துணிந்தவர்தான்.

மிஸ் என்னைப் பார்த்தார். “நிஸ்தார், இந்தப் பேர்கள் சரியா?”

“எனக்குத் தெரிஞ்ச வரை சரி மிஸ்.”

அவர் அந்த இரண்டு கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. “அனுப்புங்க” என்றார். செய்திகள் போயின. கரையில் வள்ளம் வைத்திருந்த சங்கத்தாருக்கும் பெயர்கள் போயின, எந்த வாடியில் யார் என்று.

எனக்கு ஜும்ஆ நேரம் நெருங்கியது. போகவா இருக்கவா என்று தவித்தேன். மிஸ் கண்டுகொண்டார். “நீங்க போய்த் தொழுதிட்டு வாங்க. இஞ்ச நாங்க ரெண்டு பேர் இருக்கம். அங்க கேக்கவும் ஒரு ஆள் வேணும்.” அவர் கையில் செபமாலை இருந்தது.

பள்ளிவாசலில் என் மனசு குத்பாப் பிரசங்கத்தில் நிற்கவில்லை, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து ஒரு பெயர் விடாமல் சொல்லிக் கேட்டேன். முஸ்லிம் பெயர், கிறிஸ்தவப் பெயர் எல்லாம். அவனுக்கு வரைவு தேவையில்லை, ஆனாலும் சொன்னேன். வெளியே வந்து செருப்புப் போடும்போது பள்ளி முற்றத்து வேம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. ஃபோனைத் திறந்தேன். பிலோமினா அக்கா.

“நானா, கரைக்கு வந்திட்டம். எல்லாரும். கோழி ரெண்டு மட்டும் வரமாட்டன் எண்டு நிண்டுட்டுது.”

“வாடி?”

“காத்து கொண்டு போகும். போகட்டும். கிடுகு தானே.” பிறகு குரல் இறங்கியது. “செய்தி வந்த நேரம் இவர் கடலுக்கு எறங்கப் பாத்தார். நான் ஃபோனைக் காட்டினன். தன்ட பேரும் வாடிட பேரும் அதுல இருந்ததப் பாத்திட்டுத்தான் நிண்டார்.”

ஒரே ஒரு குழப்பம் நடந்தது. பிலோமினா அக்காவின் கொழுந்தன் சேவியர் பெயர் தீவில் இருந்தது, ஆளைக் காணவில்லை. சங்கத்தார் வாடி வாடியாகத் தேடினார்கள். அவர் சிலாபத்தில் ஒரு கலியாண வீட்டில் புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், திங்கட்கிழமை திரும்பி வரும் நிய்யத்தோடு. சுரங்க பயந்துபோய் மிஸ்ஸிடம் சொன்னான். “இல்லாத ஒருத்தரத் தேடினதால ஒண்டும் கெட்டுப்போகாது. இருக்கிறவரத் தேடாம விடுறதுதான் பாவம்” என்றார் மிஸ். பிறகு கேள்வியில் ஒரு வரி சேர்த்தோம்: ‘இடையில் ஊருக்குப் போகிறீர்களா?’

காற்று மாலையில் வந்தது. கிடுகு, தகரம், கருவாட்டுப் பரண் எல்லாம் போனது. ஆள் ஒருவரும் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

சில நாள் கழித்து பிலோமினா அக்கா ஒபிஸுக்கு வந்தார். நாங்கள் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலுக்கும் ஆளுக்கும் பொருத்தமே இல்லை, என் தோளுக்குக் கீழே இருந்தார். ஒரு பையைக் கொண்டுவந்து மிஸ்ஸின் மேசையில், செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒபிஸ் முழுக்க மணந்தது.

மிஸ் பையைத் திறந்து பார்த்துவிட்டு, முகத்தை மாற்றாமல், “இது மீனா?” என்று கேட்டார்.

“என்ன மிஸ், படிச்ச நீங்க இப்படிக் கேக்குறீங்க? கருவாடு!” என்றார் பிலோமினா அக்கா.

சுரங்க சிரித்துச் சிரித்துக் கை உடைந்த கதிரையில் போய் விழுந்தான். தன்னை ஏன் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அந்த மனுசிக்கு விளங்கவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து முழுக்கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப நான் இவ்வளவு காலமும் உங்கட மெசினுக்குள்ள இல்லாமத்தான் இருந்திருக்கன்” என்றார். “இப்ப இருக்கீங்க” என்றார் மிஸ்.

அனுமதி வந்தது. பிறகு அந்தப் பெட்டி எங்கள் தீவுகளோடு நிற்கவில்லை. எலுவன்குளத்தில் யானைக் காவலுக்கு வயற்குடிலில் மாதக்கணக்கில் படுக்கிறவர்களுக்கும் அதையே போட்டார்கள். வேறு மாவட்டங்களிலிருந்தும் கேட்டு வாங்கினார்கள். நான் ஓய்வுபெற்ற அன்று மிஸ் சிலாபத்திலிருந்து வந்திருந்தார். பேச்சில் என்னைப் பற்றி ஒரே வசனம்தான் சொன்னார்: “நிஸ்தார் ஒரு பொருளைக் கண்டெடுத்தவர்.” என் ஊட்டுக்காரி முன்வரிசையில் இருந்தாள். கருவாடு மீனில்லை என்பதற்குச் சம்பளமா என்று கேட்டவள், அன்றைக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆகவே ஷிபானாவின் மேலதிகாரிகளே, புதிய இயந்திரம் என்னைவிட வேகமாக வகை பிரிக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனிடமும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கச்சான் அடங்கிய காலத்தில் கேளுங்கள். தங்கலைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, கழற்றாமல் ஒரு தடவை. பிறகு முடிவு உங்களுடையது.

இதுவரை எழுதி ஷிபானாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அந்தப் பிள்ளைக்குச் சங்கடம். இதற்கிடையில் மகளுக்குக் குழந்தை கிடைத்தது. நானும் ஊட்டுக்காரியும் உடுப்பைக் கட்டிக்கொண்டு கனமூலைக்கு, மகள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நேற்று அஸருக்குப் பிறகு பேரனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் ஒரு செய்தி வந்தது. காற்று மாறுகிற காலம் அல்லவா, கரையோரப் பதிவில் உள்ள எல்லோருக்கும் வருவது. வாசித்தேன்.

‘இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள்? எதுவரை? இடையில் ஊருக்குப் போகிறீர்களா?’

ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

“யாரு? தனியாச் சிரிக்கிறீங்க” என்றாள் ஊட்டுக்காரி.

“நம்மட ஒபிஸ்.”

“ஓய்வு எடுத்தும் உடமாட்டாங்களா? என்னவாம்?”

“நான் எங்க இருக்கன் எண்டு கேக்குறாங்க.”

கனமூலை, மகள் வீடு என்று ஒற்றைக் கையால் தட்டினேன். எதுவரை என்பதற்கு, பிள்ளையின் நாற்பது நாள் முடியும்வரை என்று எழுதினேன். இன்ஷா அல்லாஹ் என்பதை வாயால் சொன்னேன். அதற்கு நாங்கள் பெட்டி போடவில்லை.